ஓடைக்கு வேலியா?

ஆண்டு 1557. இங்கிலாந்தில் மேரி அரசியின் ஆட்சி. காக்ஸ்டன் அந்நாட்டுக்கு அச்சுப்பொறியைக் கொணர்ந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. மடாலயத்துச் சுவருக்குள் அடைந்து கிடந்த எழுத்து, மக்கள் மன்றத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. அரண்மனைக்கோ அச்சம்; அச்சிட்டு வாணிபம் செய்வோருக்கோ ஆசை. அச்சமும் ஆசையும் கைகோத்தன! இலண்டன் நூல்வணிகர் சங்கத்துக்கு அரசி ஒரு பட்டயம் வழங்கினார். சங்கத்தாரும் அரசின் தனி அனுமதி பெற்றோருமன்றி வேறெவரும் அச்சிடலாகாது. மீறுவோர் இல்லம் புகுந்து தேடவும், கண்டதைக் கைப்பற்றவும் சங்கத்தாருக்கே அதிகாரம்! அரசுக்குத் தொல்லை நீங்கிற்று. சங்கத்துக்கு இலாபம் ஓங்கிற்று. கருத்துக்குக் காவலிட, காசு தேடும் கூட்டத்தையே காவலராக்கிய கதை அது.

மன்னனை எதிர்த்து மக்கள் திரண்ட காலத்திலேனும் அந்தக் கட்டு அறுந்ததா? இல்லை. 1643இல், மன்னனோடு போர் நடத்திக்கொண்டிருந்த நாடாளுமன்றமே, முன் அனுமதியின்றி நூல் வெளியிடலாகாது என்று ஆணையிட்டது. மில்டன் சீறினார். 1644இல் ‘அரியோபாஜிடிகா’ எனும் ஏட்டை, எந்த அனுமதியை எதிர்த்தாரோ அந்த அனுமதியைக் கேளாமலே அச்சிட்டு வெளியிட்டார். எனினும் உரிமச் சட்டம் ஒழிந்தது 1695இல்தான். ஒரு கவிஞனின் சீற்றத்துக்கும் ஒரு சட்டத்தின் சாவுக்கும் இடையே அரை நூற்றாண்டு!

நம் நாட்டிலோ, எழுத்துக்கு முன்பே காதுக்குச் சட்டம் வந்துவிட்டது. வேதம் ஓதுவதைச் சூத்திரன் கேட்டால், அவன் காதில் உலோகத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்று என்றது கௌதம தர்ம சூத்திரம். நாவை அடக்குவது ஒரு முறை. காதை அடைப்பது மற்றொரு முறை. இவ்விரண்டும் கொடியவை, ஆனால் கண்ணுக்குத் தெரியும் கொடுமைகள். மூன்றாவது முறையொன்றுண்டு. பேசுபவனையும் தடுக்காமல், கேட்பவனையும் தண்டிக்காமல், இருவருக்கும் இடையே உள்ள பாதையை மட்டும் விலைக்கு வாங்கிவிடுவது. இரத்தம் சிந்தாத முறை. இனிக்கப் பேசும் முறை. இந்த நூற்றாண்டின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் அம்முறை ஒரு பொதுச் சொத்தின்மீது பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் சறுக்கியும் விழுந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காண்கிறோம். அப்பொதுச் சொத்தின் பெயர் பாட்காஸ்ட், தமிழில் வலையொலி.

விதை விழுந்த கதை

2000ஆம் ஆண்டின் இறுதி. இணையம் ஆமை நடை நடந்த காலம். ஒரு பாட்டைக் கேட்க வேண்டுமெனில், பொத்தானை அழுத்திவிட்டுப் பொழுது கழியும்வரை காத்திருக்க வேண்டும். எம்.டி.வி. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்ற ஆடம் கரி என்பவர், மென்பொருள் அறிஞர் டேவ் வைனரிடம் ஓர் எண்ணத்தை வைத்தார். மனிதன் ஏன் காத்திருக்க வேண்டும்? இயந்திரம் காத்திருக்கட்டும். அவன் வேறு வேலை பார்க்கும்போதும் உறங்கும்போதும் கோப்பு மெல்ல வந்து இறங்கட்டும். வந்து சேர்ந்தபின் அவன் கேட்கட்டும்.

வைனர் ஏற்கெனவே ஆர்.எஸ்.எஸ். என்னும் ஓடை முறையில் உழைத்துக்கொண்டிருந்தார். அது யாது? ஒரு பட்டியல், அவ்வளவே. இன்ன நாளில் இன்ன தலைப்பில் இன்னது வெளிவந்தது, அது இன்ன முகவரியில் இருக்கிறது என்று எழுதிவைத்த எளிய பட்டியல். 2000 டிசம்பரில் வைனர் அதில் ஒரு வரிக்கு இடம் சேர்த்தார். ஒலிக்கோப்பின் முகவரி, அதன் அளவு, அதன் வகை ஆகிய மூன்றையும் குறிக்கும் ஒரு வரி. 2001 சனவரியில் கிரேட்ஃபுல் டெட் என்னும் இசைக்குழுவின் பாட்டொன்றை அவ்வரியில் கட்டி அனுப்பிச் சோதனையும் செய்தார். ஒரு வரி! அந்த ஒரு வரியிலிருந்துதான் இன்று உலகெங்கும் ஒலிக்கும் வலையொலி அனைத்தும் கிளைத்தன.

அந்த முறையின் சிறப்பை உணர்ந்தாலன்றி இனி வரும் போரின் பொருள் புலப்படாது. பேச விரும்புபவர் தம் ஒலிக்கோப்பை இணையத்தில் ஓரிடத்தில் வைக்கிறார்; பட்டியலில் ஒரு வரி சேர்க்கிறார். கேட்க விரும்புபவரின் கைப்பேசியில் ஒரு செயலி இருக்கிறது. அது அவ்வப்போது அந்த முகவரிக்குச் சென்று பார்க்கிறது. புதுவரி இருந்தால் கோப்பை எடுத்துவருகிறது. இவ்வளவே! இடையில் அனுமதி கேட்க அதிகாரி இல்லை. சுங்கம் வாங்கச் சாவடி இல்லை. எந்தச் செயலியும் எந்த ஓடைக்கும் செல்லலாம். செயலி பிடிக்கவில்லையா? வேறொன்றுக்கு மாறலாம், ஓடை மாறாது. கோப்பை வைத்திருக்கும் நிறுவனம் பேசுபவருக்குப் பிடிக்கவில்லையா? அவர் வேறிடம் பெயர்ந்து, பழைய முகவரியிலிருந்து புது முகவரிக்கு வழிகாட்டி வைக்கலாம். கேட்பவருக்கு மாற்றமே தெரியாது.

2003இல் கிறிஸ்டோபர் லைடன் என்ற செய்தியாளர் இவ்வழியில் பேட்டிகளை வெளியிடத் தொடங்கினார். அவர் யார்? பாஸ்டன் வானொலியொன்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சியை நடத்தியவர். அந்நிகழ்ச்சி யாருக்கு உரியது என்று எழுந்த பூசலில் 2001இல் வெளியேற நேர்ந்தவர். குரல் அவருடையது; கூடம் மற்றவருடையது. கூடத்தை இழந்தவருக்குக் கைகொடுத்தது ஓடை! அதே 2003இல் வைனர், ஆர்.எஸ்.எஸ். வரையறையின் உரிமையை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்துக்கு மாற்றி, எவரும் பயன்படுத்தலாமென உரிமம் வழங்கச் செய்தார். 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி ‘கார்டியன்’ ஏட்டில் எழுதிய கட்டுரையில் பாட்காஸ்ட் என்ற சொல் பிறந்தது. 2005 சூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டது. இரண்டே நாளில் பத்து இலட்சம் சந்தாக்கள்! கோப்புகளை ஆப்பிள் தன் கிடங்கில் வைக்கவில்லை, ஓடையின் முகவரியை மட்டுமே குறித்துவைத்தது என்பதை நினைவிற்கொள்க. அங்காடி வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகைபோல் நின்றதேயன்றி, அங்காடியை அது விழுங்கவில்லை.

முதல் முற்றுகை

பொதுச் சொத்து என்றால் பட்டா போட ஒருவன் வருவான் அன்றோ? வந்தான். பெர்சனல் ஆடியோ என்றொரு நிறுவனம். அதன் பழைய தொழில், ஏட்டுக் கட்டுரைகளைப் படித்துப் பதிவுசெய்து ஒலிநாடாவாக அஞ்சலில் அனுப்புவது. 1996ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் வழிவந்த காப்புரிமையொன்றை 2012இல் பெற்றுக்கொண்டு, வலையொலி முறையே எம்முடையது, பணம் கொடு என்று வழக்குத் தொடுக்கலாயிற்று. நகைச்சுவை நடிகர் ஆடம் கரோலா முதலானோர் வழக்குமன்றத்துக்கு இழுக்கப்பட்டனர்.

இணைய உரிமைக்காகப் பாடுபடும் எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன், மக்களிடம் உண்டியல் ஏந்தி நிதி திரட்டி, 2013இல் காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்மனு கொடுத்தது. சான்று என்ன? 1996 அக்டோபருக்கு முன்பே சி.என்.என். செய்தி நிறுவனமும், கனடா வானொலியின் அறிவியல் நிகழ்ச்சியொன்றும் இணையத்தில் தொடர்நிகழ்ச்சிகளை வெளியிட்டிருந்தன! 2015 ஏப்ரலில் அந்த உரிமைக்கோரல்கள் செல்லா என்று தீர்ப்பாயிற்று. 2017இல் மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதிசெய்தது. 2018இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. சான்றைத் தோண்டியெடுத்துப் பொய்ப்பட்டாவைக் கிழித்த வெற்றி அது. பகுத்தறிவாளர்க்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன!

பணப்பெட்டி வந்த காலை

ஆனால் வழக்கு மன்றத்தில் தோற்றது, வங்கிக் கணக்கோடு திரும்பி வந்தது. 2014இல் வெளிவந்த ‘சீரியல்’ என்ற தொடர், வலையொலிக்குப் பெருங்கூட்டம் உண்டென்று உலகுக்குக் காட்டியது. கூட்டம் கூடினால் கொட்டகை போட்டுச் சீட்டு விற்க எண்ணுவது முதலாளியின் இயல்பு.

2019 ஏப்ரலில் லூமினரி என்ற நிறுவனம் ஏறத்தாழ 10 கோடி டாலர் மூலதனத்தோடு இறங்கிற்று. மாதம் ஏறத்தாழ 8 டாலர் கொடு; எம்மிடம் மட்டுமே கிடைக்கும் நிகழ்ச்சிகளைக் கேள் என்றது. அது தன் செயலியில் இலவச நிகழ்ச்சிகளையும் சேர்த்தபோது, பெரிய நிறுவனங்கள் பல தம் நிகழ்ச்சிகளை அங்கிருந்து விலக்கிக்கொண்டன. ஒரே ஆண்டில் விலையைக் குறைத்தும் எதிர்பார்த்த கூட்டம் கூடவில்லை.

அதைவிடப் பெரிய பணப்பெட்டியோடு வந்தது ஸ்வீடன் நாட்டு ஸ்பாட்டிஃபை. பாட்டு வாணிபத்தில் வரும் பணத்தில் பெரும்பகுதி இசைத்தட்டு நிறுவனங்களுக்கே போய்விடுகிறது. பேச்சோ மலிவு, பேச்சுக்கு அந்தப் பங்கு கொடுக்கவேண்டியதில்லை. இக்கணக்கோடு 2019 பிப்ரவரியில் கிம்லெட், ஆங்கர் என்னும் இரு நிறுவனங்களை ஏறத்தாழ 34 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. பிறகு பார்காஸ்ட், பிறகு தி ரிங்கர், பிறகு மெகாஃபோன். 2020 மே மாதம் ஜோ ரோகன் என்ற பேச்சாளரோடு தனியுரிமை ஒப்பந்தம். அதன் மதிப்பு 20 கோடி டாலருக்குக் குறையாது என்று 2022இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதிற்று. அந்த 2020 டிசம்பர் முதல் அவர் பேச்சைக் கேட்க விரும்பினால் ஒரே வாயில், ஸ்பாட்டிஃபை வாயில்! பிற செயலிகளில் அவர் ஓடை வற்றிற்று. கிம்லெட்டின் நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வேலி ஏறிற்று.

வேலி போட்டவன் கண்டது என்ன? வேலிக்குள் கூட்டம் பெருகும் என்று எண்ணினான். கூட்டம் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது! 2022 அக்டோபரில் ஸ்பாட்டிஃபை பதினொரு நிகழ்ச்சிகளை நிறுத்தியபோது, கிம்லெட், பார்காஸ்ட் தொழிலாளர் சங்கங்கள் உண்மையை உடைத்துக் கூறின: தனியுரிமையாக்கியதால் சில நிகழ்ச்சிகள் தம் கேட்பாளரில் முக்கால்பங்குவரை இழந்தன, அச்சரிவைக் காரணங்காட்டியே அவற்றை மூடுகின்றனர். கையைக் கட்டியவனே, நீந்தவில்லை என்று குற்றஞ்சாட்டும் நீதி! 2023 சூனில் வலையொலிப் பிரிவில் ஏறத்தாழ 200 பேர் வேலையிழந்தனர்; கிம்லெட் என்ற தனி நிறுவனம் மறைந்தது. இறுதியில், 2024 பிப்ரவரியில் ரோகனோடு செய்த புது ஒப்பந்தத்தில் தனியுரிமையையே கைவிட்டு, அவர் நிகழ்ச்சி பிற இடங்களிலும் ஒலிக்க ஸ்பாட்டிஃபை இசைந்தது. நான்கு ஆண்டும் நாற்பது கோடிக் கனவும் செலவிட்டுப் பெற்ற அறிவு, ஓடையை அடைத்தால் ஊர் வேறு துறைக்குப் போய்விடும் என்பதே!

தந்தையின் கதை

இலாப நட்டம் முதலாளியின் கவலை. நமக்குக் கவலை வேறு. அந்தக் கணக்கேட்டின் இடுக்கில் சிக்கிய ஒரு குரலைக் கேளுங்கள்.

கனடா நாட்டில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, கிறித்துவ சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அடைத்தனர். அவர்தம் மொழியை மறக்கடிக்க, பண்பை அழிக்க, அரசும் மதமும் சேர்ந்து நடத்திய கொடுமை அது. க்ரீ இனத்தைச் சேர்ந்த செய்தியாளர் கான்னி வாக்கர், தம் தந்தையின் வாழ்வை ஆராய்ந்தார். தந்தை காவல்துறையில் பணியாற்றியவர். ஓரிரவு, குடித்துவிட்டு ஓட்டுவதாக ஐயுற்று ஒரு வண்டியை நிறுத்தினார். உள்ளே இருந்தவர், சிறுவயதில் பள்ளியில் தம்மைச் சீரழித்த பாதிரியார்! தந்தை அவரை அடித்து நொறுக்கினார். அந்த ஓரிரவின் இழையைப் பற்றிச் சென்ற மகள், சஸ்காட்செவன் மாநிலத்தின் புனித மைக்கேல் பள்ளியில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் பட்ட துயரத்தை வெளிக்கொணர்ந்தார். ‘ஸ்டோலன்’ என்ற வலையொலித் தொடர், கிம்லெட் தயாரிப்பு. 2023 மே மாதம் புலிட்சர் பரிசு பெற்றது. அவ்வாண்டே பீபாடி விருதும் பெற்றது.

அதே 2023 டிசம்பரில் ஸ்பாட்டிஃபை ஆட்குறைப்புச் செய்து ஏறத்தாழ 1500 பேரை வெளியேற்றியபோது, ‘ஸ்டோலன்’ தொடரையும் நிறுத்திவிட்டது. பரிசுக்கும் நிறுத்தத்துக்கும் இடையே ஏழே மாதம்! பாதிரியாரின் அதிகாரம் மறைக்க முயன்று தோற்ற உண்மை, கணக்கப்பிள்ளையின் ஒரு கோட்டால் நின்றது. அடக்குமுறையால் அன்று, ஆதாயம் போதாமையால். இதுவே நாம் குறித்த மூன்றாவது முறை. இங்கே தடைவிதித்தவர் எவரும் இல்லை. அதனாலேயே எதிர்த்து முழங்க ஒரு முகமும் இல்லை.

இரு கேள்விகள்

சிலர் கேட்பர்: உழைப்பவருக்குக் கூலி வேண்டாமா? இலவச ஓடை எவரை வாழவைக்கும்? நியாயமான கேள்வி. பேட்டிகாண, ஊர்சுற்ற, ஆவணம் தேடப் பணம் வேண்டும்; வலையொலி நடத்துவோர் பலருக்கு அப்பணம் கிட்டாததும் உண்மை. ஆனால் திறந்த வழி என்பது விலையில்லா வழி என்று பொருள்படாது. பணம் கட்டிய சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் தனி ஓடை முகவரி தரும் ஏற்பாடு இன்றே நடப்பில் உள்ளது. அந்த முகவரியை அவர் விரும்பிய செயலியில் இட்டுக் கேட்கலாம். விலையை நாம் வெறுக்கவில்லை, பூட்டைத்தான் வெறுக்கிறோம்.

மேலும், நிறுவனங்கள் பூட்டை விரும்புவதற்குக் காசு மட்டுமா காரணம்? திறந்த ஓடையில், கோப்பு எடுத்துச் செல்லப்பட்டது என்பது தெரியும். எவர் எந்த இடத்தில் கேட்பதை நிறுத்தினார் என்பது பேசுபவருக்குத் தெரியாது. மூடிய மேடையிலோ, கேட்பவரின் காதுக்குப் பின்னால் ஒரு கணக்கன் உட்கார்ந்திருக்கிறான். என்ன கேட்டார், எங்கே நிறுத்தினார், எதை மீண்டும் கேட்டார் என்று குறித்துக்கொண்டே இருக்கிறான். விளம்பரக்காரருக்கு அது விருந்து. சிந்தனையாளருக்கு அது வேவு.

மற்றொரு கேள்வி: திறந்துவிட்டால் பொய்யும் பரவுமே? பரவும். மறுக்கவில்லை. ஆனால் பூட்டு பொய்யைத் தடுத்ததா? ரோகன் நிகழ்ச்சியில் தடுப்பூசி பற்றிப் பொய்கள் பரவுவதாக 2022 சனவரியில் மருத்துவரும் அறிவியலாரும் முறையிட்டனர். பாடகர் நீல் யங் தம் பாடல்களையே ஸ்பாட்டிஃபையிலிருந்து விலக்கினார். அத்துணைப் பொருள்கொடுத்து அந்நிகழ்ச்சியைத் தன் வீட்டுப் பொருளாக்கியது எது? பூட்டு! பிறகு எழுபதுக்கு மேற்பட்ட பழைய நிகழ்ச்சிகள் அங்கிருந்து மறைந்தன. வேறிடமும் இல்லாமையால், ஆராய்ந்து மறுக்க விரும்புவோர்க்கும் அவை எளிதில் கிட்டாமற் போயின. பொய்யை வெல்வது அலமாரியன்று, வாதம். வாதத்துக்கு இருதரப்புப் பேச்சும் வெளிச்சத்தில் இருக்கவேண்டும்.

வேலி இன்னும் விலகவில்லை

வென்றுவிட்டோம் என்று உறங்கலாமா? கூடாது. ஓடை திறந்திருந்தாலும், அதற்குச் செல்லும் செயலிகள் இரண்டு பெருங்கடைகளின் வழியே கைப்பேசிக்கு வருகின்றன. 2020 சூனில் சீன அரசின் இணையக் கண்காணிப்பு அலுவலகம் கோரியவுடன், பாக்கெட் காஸ்ட்ஸ், கேஸ்ட்ரோ என்னும் இரு தனிச் செயலிகளை ஆப்பிள் அந்நாட்டுக் கடையிலிருந்து நீக்கிற்று. அரசின் அச்சமும் வணிகத்தின் ஆசையும் மீண்டும் கைகோத்தன. 1557 திரும்பி வந்தது! இன்று கூட்டம் யூடியூப் பக்கம் சாய்கிறது. மாதந்தோறும் 100 கோடிப் பேர் தன்னிடம் வலையொலி நுகர்கின்றனர் என்று 2025 பிப்ரவரியில் அது அறிவித்தது. அங்கே தொடரைப் பின்பற்றுபவர், தாம் பின்பற்றும் பட்டியலோடு வேறு செயலிக்கு எளிதில் குடிபெயர முடியாது. வேலி இம்முறை முள்ளால் ஆனதன்று, மெத்தையால் ஆனது.

ஆனால் எதிர்ப்பும் உயிரோடு இருக்கிறது. ஆண்டென்னாபாட் என்னும் செயலியைத் தொண்டர்கள் 2012 முதல் கட்டிக்காத்து வருகின்றனர். அதன் மூலநிரல் எவரும் காணத்தக்கது. பாக்கெட் காஸ்ட்ஸ் 2022இல் தன் செயலிகளின் நிரலைத் திறந்துவைத்தது. ஆடம் கரி 2020இல் டேவ் ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து, ஆப்பிள் பட்டியலை மட்டுமே நம்பியிராதபடி பொதுப்பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். 2024இல் கூகுள் தன் வலையொலிச் செயலியை மூடியபோது என்ன நேர்ந்தது? கேட்டவர்கள் தம் ஓடைப்பட்டியலை ஒரு சிறு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்கு நடந்தனர். பெருநிறுவனத்தின் செயலி செத்தது; ஒரு நிகழ்ச்சியும் சாகவில்லை! மூடிய மேடைக்கும் திறந்த ஓடைக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாக எவர் விளக்கமுடியும்?

தோழர்களே, இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று. 1933இல் அடக்குமுறையின் விளைவாகக் ‘குடிஅரசு’ நின்றபோது ‘புரட்சி’ எழுந்தது. அதுவும் நின்றபோது ‘பகுத்தறிவு’ எழுந்தது. ஏட்டின் பெயர் மாறிற்று, வாசகர் மாறவில்லை. எவர் எங்கே படிக்கின்றனர் என்பதை அறிந்த இயக்கம், அடைபட்ட வாயிலை விட்டு அடுத்த வாயில் வழியே அவர்களை அடைந்தது. வானொலி அரசின் கையில் இருந்த நாட்களில், மேடையையும் மன்றத்தையும் படிப்பகத்தையும் நம்பியே இக்கருத்துகள் வளர்ந்தன. அன்று அடுத்தவர் ஒலிபெருக்கியை நம்பியிருந்தால், இன்று நமக்குக் குரலே இருந்திராது.

எனவே, பேச விரும்பும் இளைஞன் தன் பேச்சை எந்த மேடையிலும் ஒலிக்கட்டும். ஆனால் தன் பெயரில் தனக்கென ஓர் ஓடையை முதலில் வெட்டிக்கொள்ளட்டும். கேட்க விரும்பும் தோழன், இந்நிகழ்ச்சியின் ஓடை முகவரி எங்கே என்று உரக்கக் கேட்கட்டும். எந்த ஓடைக்கும் செல்லும் செயலியைத் தன் கைப்பேசியில் வைத்திருக்கட்டும். பிடித்த நிகழ்ச்சிக்குத் தன்னால் இயன்ற காசை நேரே கொடுக்கட்டும். மில்டனுக்கும் விடுதலைக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. நமக்கோ, அந்த விடுதலை முன்னரே கையில் தரப்பட்டிருக்கிறது. ஒரு வரியில் எழுதித் தரப்பட்டிருக்கிறது. அதை எவரும் நம்மிடமிருந்து பறிக்கத் தேவையில்லை. சோம்பலால் நாமே நழுவவிட்டால் போதும். நழுவவிடலாமா?